வண்டிக்குக் கட்டிய பல்

ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவர் கைவேலை. அவரைப் பார்த்துச் சிரிக்கிற ஆள் என்று எண்ணினால் எதிர்வரிசை லாண்டரிக்கடை அக்கா ஒருத்திதான். அதுவும் கேலிச் சிரிப்பு.

தெருவில் அவரைப் பல்லுக்காரர் என்பார்கள். பல்லைப் பிடுங்குகிறவர் அல்ல, பிடுங்கிக்கொண்டு போனவர்களுக்குக் கட்டித் தருகிறவர். டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். பெட்டி மேல் ஒரு நம்பர் இருக்கும், பெயர்கூட இருக்காது. அவர் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் ஈறு செய்து, வெந்நீரில் வேகவைத்து, தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். முப்பது வருஷமாக முகமில்லாத வாய்களோடு குடித்தனம். கடைவீதியில் யாராவது கொட்டாவி விட்டால் போதும், 'இது நம்முடையது' என்று அவருக்குத் தெரிந்துவிடும். போய்ச் சொல்லவா முடியும்? கூட்டத்தோடு கூட்டமாக நின்று அந்த வாய் மூடும்வரை பார்த்துவிட்டு, தக்காளிப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு வந்துவிடுவார்.

கீழே வேலைக்கூடம், மேலே ஓர் அறை, பக்கவாட்டில் தகரக் கொட்டகை. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து வாசற்படியோடு திரும்பிப் போனது. மூன்றாவது முறை வரவில்லை. அவரும் போய்க் கூப்பிடவில்லை.

கொட்டகையில் ஒரு கார் இருந்தது. மூக்கு நீண்டு, முதுகு குட்டையாக, தரையோடு தரையாகப் பதுங்கிய கரும்பச்சை ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. முப்பத்துநாலு வயது. அது தம்பியுடையது. தம்பி வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாரோ பாழாக்கிப் போட்டிருந்ததை இழுத்துக்கொண்டு வந்தான். அண்ணனும் தம்பியும் ஒரு வருஷம் முழுக்க அதைப் பிரித்துப் பிரித்து மாட்டினார்கள். தம்பி வண்டிக்கு அடியில் படுத்திருப்பான், இவர் மேலே ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார். முகம் தெரியாததனாலோ என்னவோ, அந்த ஒரு வருஷத்தில்தான் இவர் வாய் திறந்து பேசினார். அப்போது பேசியதை வைத்துத்தான் மிச்ச வருஷங்களை ஓட்டிக்கொண்டிருந்தார் என்று சொன்னால் தப்பில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தம்பி மனைவி மக்களோடு வெளிநாட்டுக்குப் போனான். போகும்போது சாவியைக் கையில் வைத்து அழுத்தினான்.

"ஓட்டிட்டே இருண்ணா. நின்னா செத்துடும். நான் வந்து வாங்கிக்கிறேன்."

ஞாயிறுதோறும் காலையில் வெளிவட்டச் சாலையில் ஒரு சுற்று. சுற்றி வந்து கொட்டகையில் விட்டதும் போன் வரும்.

"அண்ணா, சாப்டியா?"

"ஆச்சு."

"உடம்பு எப்படி?"

"இருக்கு."

"வண்டி எப்படி இருக்கு?"

"அப்படியே இருக்கு."

மூன்று நிமிஷம். முதல் இரண்டு கேள்வியை யாரும் யாரையும் கேட்கலாம். லாண்டரிக்கடை அக்காகூடக் கேட்பாள். மூன்றாவது கேள்வியை உலகத்தில் ஒருவன்தான் கேட்க முடியும், ஒருவரைத்தான் கேட்க முடியும். அதற்காகத்தான் அவருக்கு வாரத்தில் ஏழு நாள்.

ஆனால் இரண்டு வருஷமாக வண்டி அப்படியே இல்லை.

கியர் லிவர் ஆட ஆரம்பித்திருந்தது. முதலில் லேசாக, விழப்போகிற பல்லை நாக்கால் தள்ளிப் பார்ப்பதுபோல. பிறகு காலிப் பானையில் கரண்டியை விட்டதுபோல. கியரில் இருக்கிறதா, நியூட்ரலில் இருக்கிறதா என்று லிவரைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டைத் தேடிப் போனால் நான்கு வந்து நிற்கும். நான்கைக் கூப்பிட்டால் ஒன்றும் வராது. சிக்னலில் நின்றால் லிவர் தலையை ஆட்டிக்கொண்டு கடகடவென்று ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கும். அவர் இடது கையை அதன் தலையில் வைப்பார். சத்தம் அடங்கும். கையை எடுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். வீட்டில் அவரோடு பேசுவதற்கு வேறு எதுவும் இல்லாததால் அதுவும் ஒரு பேச்சுத்துணை என்று விட்டுவிட்டார்.

ஒரே ஒரு முறை ஒரு மெக்கானிக்கிடம் காட்டினார். "கியர் பாக்ஸையே இறக்கணும் சார். சாமான் கிடைக்காது. பேசாம காயலான் கடைக்கு..." என்று அவர் முடிப்பதற்குள் இவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். அன்றும் போனில் "அப்படியே இருக்கு" என்றுதான் சொன்னார். லூசாகிவிட்டது என்று சொன்னால் தம்பி "விட்டுடுண்ணா, போனாப் போகுது" என்று சொல்லிவிட்டால்?

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று கேள்வியும் முடிந்த பிறகு தம்பி போனை வைக்கவில்லை.

"அண்ணா, நான் வரேன். வேலை விஷயமா அந்தப் பக்கம் வரவேண்டியிருக்கு. வெள்ளிக்கிழமை காலைல பத்து மணி ரயில்ல அங்க வந்துடுவேன். ரெண்டு நாள் இருப்பேன்."

இவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"ஸ்டேஷனுக்கு வண்டியிலயே வந்துடு, என்ன? வெளிவட்டச் சாலையில ஒரு ரவுண்டு போவோம். நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன். அப்படியேதானே இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

"உங்கிட்ட ஒரு விஷயமும் பேசணும். நேர்ல சொல்றேன்."

போனை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய் லிவரைத் தொட்டுப் பார்த்தார். நாலு விரற்கடை இந்தப் பக்கம், நாலு விரற்கடை அந்தப் பக்கம். ஐந்து நாள் இருந்தது.

திங்கட்கிழமை நம்பர் போட்ட பெட்டிகளையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு வண்டிக்குள் இறங்கினார். லிவரின் குமிழைத் திருகி எடுத்தார். தோல் உறையை உருவினார். அதன் கீழே கிழிந்த ரப்பர் உறை ஒன்று. அதையும் எடுத்து, மூன்று போல்ட்டைக் கழற்றியதும் லிவர் முழுசாகக் கையோடு வந்தது. அடிநுனியில் நெல்லிக்காய் அளவில் ஓர் இரும்புக் குண்டு. அந்தக் குண்டு உட்கார வேண்டிய நைலான் கிண்ணத்தைக் காணோம். பென்சில் டார்ச் அடித்து, பல் இடுக்கில் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுத் தேடினார். எண்ணெய்க்குள் மஞ்சள் பூத்து, நகம் வெட்டிப் போட்டதுபோல் நாலைந்து துணுக்கு கிடந்தது.

கியர் பாக்ஸ் முழுசும் நல்லாத்தான் இருந்தது. இந்தக் கிண்ணம் ஒன்றுதான் தேய்ந்து உதிர்ந்திருந்தது. மெக்கானிக் சொன்னதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். சின்னப் புஷ். லேத்தில் நைலான் கம்பியைக் கடைந்தால் ஒரு மணி நேர வேலை.

நாலு தெரு தள்ளி ஒரு லேத் பட்டறை இருந்தது. செவ்வாய்க்கிழமை லிவரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். வாசலில் மூன்று பேர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்த லேத்துக்காரர் ஏதோ சொல்ல, மற்ற இருவரும் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடியட்டும் என்று இவர் மின்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றார். முடிந்தது. அடுத்தது ஆரம்பித்தது. அதற்குள் எப்படிப் புகுந்து "ஒரு சின்ன வேலை" என்று சொல்வது? சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது முறை அது தனக்கே அசட்டுத்தனமாகக் கேட்டது. துணிமூட்டையோடு திரும்பி நடந்தார்.

வேலைக்கூடத்தில் வந்து உட்கார்ந்ததும் கண் நேராக அக்ரிலிக் டப்பாவில் போய் விழுந்தது.

ஏன் கூடாது? முப்பது வருஷமாக என்ன செய்கிறார்? ஆடுகிறதை ஆடாமல் உட்கார வைக்கிறார். வளைந்த ஈறு, மேடு பள்ள ஈறு, எலும்பே கரைந்துபோன ஈறு என்று எதன் மேலும் காற்றுப் புகாமல் ஒட்டிக்கொள்கிற மாதிரி செய்கிறவருக்கு ஓர் இரும்புக் குண்டு எம்மாத்திரம்? யாரையும் கேட்க வேண்டாம். யார் வாசலிலும் நிற்க வேண்டாம்.

குண்டுக்கும், அது உட்கார வேண்டிய குழிக்கும் வாயில் எடுப்பதுபோலவே அச்சு எடுத்தார். பிளாஸ்டர் ஊற்றினார். மெழுகில் கிண்ணம் செய்து பொருத்தி, ஒளியில் பிடித்துப் பார்த்தார். புதன்கிழமை அக்ரிலிக் திணித்து வேகவைத்தார். ஈறுக்கு வைத்திருந்த நிறம்தான் இருந்தது. அதனால் புஷ் அழகான இளஞ்சிவப்பாக வந்தது. கைவிரல் நுனியில் ரத்தச் சிவப்பு நரம்பிழைகள் ஓடுகிற ஒரு குட்டிக் கிண்ணம். தேய்த்து மெருகேற்றியபோது தன்னை அறியாமல் அதைச் சற்று நேரம் கூடுதலாகவே மெருகேற்றினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கொட்டகை வாசலில் உட்கார்ந்து லிவரில் அதை மாட்டிக்கொண்டிருந்தபோது லாண்டரிக்கடை அக்கா மடித்த சட்டைகளோடு வந்தாள்.

"இந்தாங்க டாக்டரே, தம்பி வரார்னு கஞ்சி கொஞ்சம் தூக்கலாவே போட்டிருக்கேன். நிமிர்ந்துதான் நிக்கணும், குனிஞ்சா சட்டை உடையும்." குனிந்து பார்த்தாள். "அது என்ன கையில?"

"வண்டிக்குத்தான். கியருக்கு."

"அடக் கடவுளே. வண்டிக்கே பல்லு கட்டுறீங்களா?"

"பல்லு இல்லக்கா. இது ஈறு."

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அக்கா சட்டையைக் கீழே போடாமல் இருக்கக் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ராத்திரியில கழட்டித் தண்ணியில போட்டு வைக்க மறந்துடாதீங்க!"

மாட்டி முடித்துத் தெருவைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தார். ஒன்று. இரண்டு. கத்தரிக்கோல் புதுத்துணியில் இறங்குகிற மாதிரி. மூன்று, நான்கு. ஒரு நூல் ஆட்டம் இல்லை. திரும்பி வந்து பக்கத்துச் சீட்டிலிருந்த பெட்டிகளை இறக்கினார். ஒன்பது வருஷமாக அதில் உட்கார்ந்து ஊர் சுற்றியவை முகமில்லாத அந்த வாய்கள்தான். ஈரத்துணியால் சீட்டைத் துடைத்தார். காய்ந்த பிறகு இன்னொரு தரம் துடைத்தார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே கிளம்பினார். ஸ்டேஷன் அரைமணி தூரம். பாதித் தூரம் வண்டி வெண்ணெயாகப் போனது. பாலத்துக்கு முந்தைய சிக்னலில் முதல் கியர் கொஞ்சம் முரண்டு பிடித்தது. எஞ்சின் சூடேறச் சூடேற லிவர் கல்லாகிக்கொண்டு வந்தது. பிசின் தடவியதுபோல் ஒவ்வொரு கியரும் விட மாட்டேன் என்றது. பாலத்து ஏற்றத்தில் மூன்றில் தள்ளினார். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். கல்லைக் கடித்த பல்செட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்கள் எல்லாரும் வாயால் செய்து காட்டுகிற சத்தம்.

லிவர் செத்த பாம்பாகத் துவண்டு விழுந்தது. உடைந்த துண்டு எங்கோ சொருகிக்கொள்ள, வண்டி மூன்றாவது கியரிலேயே சிக்கிக்கொண்டது. வேறு கியருக்கும் போகாது, நியூட்ரலுக்கும் வராது. மூன்றிலேயே நின்று, மூன்றிலேயே கிளம்பி, கிளட்ச் கருகுகிற வாடையோடு, பின்னால் வருகிறவர்களின் ஹாரனெல்லாம் முதுகில் விழ, பத்தேகாலுக்கு ஸ்டேஷன் வாசலில் ஒரு குதி குதித்து நின்றார். எஞ்சின் அணைந்தது.

தம்பி நின்றுகொண்டிருந்தான். முன்முடி நரைத்திருந்தது. தோளில் ஒரு சின்னப் பை மட்டும். இரண்டு நாளைக்கு அந்தப் பை போதாது என்று அவர் கண் முதலில் அளந்தது. வேலை அப்படி.

"என்னண்ணா, வண்டி தவளை மாதிரி குதிச்சு வருது!"

இறங்கி வந்து எதிரே நின்றார். சட்டை கஞ்சியில் விறைத்து நின்றது. எத்தனையோ வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தார். அதில் ஒன்றும் வரவில்லை.

"அப்படியே இல்லடா," என்றார்.

"எது?"

"வண்டி. ரெண்டு வருஷமாவே அப்படியே இல்ல. கியர் லூசு. உங்கிட்ட பொய் சொன்னேன். இப்ப மூணுல மாட்டிக்கிச்சு."

தம்பி ஒரு கணம் அவரையே பார்த்தான். பையைக் கழற்றிச் சீட்டில் எறிந்தான். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வண்டிக்குள் தலையை நுழைத்தான்.

"ஸ்பேனர் எடு."

இருபது வருஷத்துக்கு முந்தைய அதே குரல். இவர் எடுத்துக் கொடுத்தார். மூன்று போல்ட். லிவர் வெளியே வந்தது. தம்பி இரண்டு விரலை உள்ளே விட்டு, எண்ணெய் சொட்டச் சொட்டத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்தான். வெயிலில் பிடித்தான். இளஞ்சிவப்பாக மின்னியது.

"அண்ணா... இது என்ன?"

தம்பி ஒரு துண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"டேய் அண்ணா! இது ஈறு!"

தரையில் உட்கார்ந்து சிரித்தான். சிரித்துச் சிரித்து எண்ணெய்க் கையாலேயே கண்ணைத் துடைத்து நெற்றியெல்லாம் கருப்பாக்கிக்கொண்டான். பக்கத்தில் நின்ற டாக்ஸிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"யாருக்கு சார் பல்லு விழுந்துடுச்சு?"

"வண்டிக்குத்தாங்க."

"என்ன வயசு?"

"முப்பத்தி நாலு."

"விழுற வயசில்லையே," என்றார் டாக்ஸிக்காரர், உண்மையிலேயே கவலைப்பட்டவர்போல. "சரியா விளக்கியிருக்க மாட்டாங்க."

புஷ்ஷுக்குப் பதில் ஏதாவது வேண்டும். தம்பி சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு தன் பெல்ட்டைக் கழற்றி, டாக்ஸிக்காரரிடம் கத்தி வாங்கி, துளைகள் இருந்த வால்பக்கத்தில் இரண்டு விரல் நீளம் வெட்டினான். இவர் தடுப்பதற்குள் வெட்டிவிட்டான். தோலைக் குண்டைச் சுற்றி இறுக்கி உள்ளே தள்ளி, லிவரை மேலே வைத்து முறுக்கினான். ஆட்டம் நின்றது என்று சொல்ல முடியாது. ஆனால் ஆட்டத்துக்கு ஒரு எல்லை வந்தது.

வெளிவட்டச் சாலையில் இவர் ஓட்டினார். தம்பி பக்கத்துச் சீட்டில், ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இடது பக்க ஜன்னல் கண்ணாடியைப் பிடி சுற்றி இறக்கி முழங்கையை வெளியே போட்டான்.

"ரெண்டுக்கு இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளு. தள்ளு. ம்ம்... விழுந்துச்சு பாரு. இப்ப மூணு. நேரா. அவ்வளவுதான்."

காற்று உள்ளே வந்தது. லிவர் முனகியது. தம்பி அதன் தலையில் கையை வைத்தான், முனகல் அடங்கியது. இவர் சாலையைப் பார்த்துக்கொண்டே அதையும் பார்த்தார். இரண்டு சுற்று போனார்கள். மூன்றாவது சுற்றில் ஒரு மரத்தடியில் நிறுத்தச் சொன்னான்.

பையிலிருந்து ஒரு கவரை எடுத்தான். நாலைந்து தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறி.

"அண்ணா, நான் ரெண்டு நாள்னு சொன்னேன்... முடியல. சாயங்காலம் ரயில்லயே போகணும். அங்க அவசரமா கூப்பிடுறாங்க."

"ம்."

"இன்னொன்னு. நாங்க அங்கேயே வீடு வாங்கிட்டோம். பசங்களுக்கு அதுதான் ஊரு. இனிமே திரும்பி வரதுங்கிறது..." முடிக்காமல் தாளை நேராக்கினான். "வண்டியை உன் பேருக்கு மாத்திடலாம். ஒன்பது வருஷமா நீதானே பாத்துக்கிற. உன்னோடதுதானே இது. என் பேர்ல சும்மா எதுக்கு?"

நல்ல மனசோடுதான் சொன்னான். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பேனாவை வாங்கினார். முதல் தாளில் பெருக்கல் குறி மேல் முனையை வைத்தார்.

வைத்தபோதுதான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. சாப்டியா? ஆச்சு. உடம்பு எப்படி? இருக்கு. அதற்கப்புறம்? தன் வண்டியைப் பற்றித் தன்னை யார் கேட்பார்கள்? மூன்றாவது கேள்வி இருந்த இடத்தில் பல் விழுந்த சந்து மாதிரி ஓர் ஓட்டை. நாக்கு போய்ப் போய்த் தடவிப் பார்க்கும்.

பேனாவை எடுத்தார்.

"பழுது வண்டியை என் தலையில கட்டப் பாக்குறியா?"

"என்னண்ணா?"

"கியர் போன வண்டியை எவனாவது எழுதி வாங்குவானா? முதல்ல சரியாகட்டும். அப்புறம் போடறேன் கையெழுத்து."

தம்பி சிரித்தான். "சரி, சரி. சரியானதும் போட்டு அனுப்பு." கவரை டாஷ்போர்டிலிருந்த சின்னப் பெட்டியறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினான்.

சாயங்காலம் பிளாட்பாரத்தில் தம்பி ஒரு கையில் பையும் ஒரு கையில் பேன்ட்டுமாக நின்றான். இவர் தன் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தார்.

"உனக்கு?"

"நான் வீட்டுக்குத்தானே போறேன்."

தம்பிக்குக் கடைசித் துளைதான் எட்டியது. வயிற்றை உள்ளிழுத்து மாட்டிக்கொண்டு ஏறினான். ரயில் நகர்ந்தபோது ஜன்னலிலிருந்து கையை ஆட்டினான். இவர் இரண்டு கையாலும் பேன்ட்டைப் பிடித்திருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார். கடைசிப் பெட்டி போன பிறகும் சற்று நேரம் தலை ஆடிக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை லேத் பட்டறைக்குப் போனார். இந்த முறையும் வாசலில் மூன்று பேர். இந்த முறை மின்கம்பத்தடியில் நிற்கவில்லை. நேரே போய் இளஞ்சிவப்புத் துண்டுகளையும் லிவரையும் மேஜை மேல் வைத்தார். லேத்துக்காரர் ஒரு துண்டை எடுத்துக் கண்ணருகே வைத்துத் திருப்பினார்.

"யார் செஞ்சது?"

"நான்தான்."

"கை சுத்தமான வேலைங்க. குறையே சொல்ல முடியாது. அதான் உடைஞ்சிருக்கு." சுட்டுவிரலால் குண்டைத் தட்டினார். "பல்லுன்னா ஒட்டிக்கிட்டு நிக்கணும். புஷ் அப்படி இல்லீங்க. சூட்டுல எல்லாம் ஊதும். ஒரு முடி அளவு இடம் விட்டாத்தான் ஓடும். இவ்வளவு இறுக்கிப் புடிச்சா எது தாங்கும்?"

பேசும்போது அவருடைய கீழ்வரிசை தெரிந்தது. முன்பல் ஒன்று மயிரிழை அளவு சாய்ந்து. இயற்கையாக இருக்கட்டும் என்று சாய்த்து வைத்தது. நாலு வருஷம் முன்னால், பெட்டி மேல் ஏழில் முடிகிற ஒரு நம்பர்.

சாதாரணமாக இருந்தால் பார்த்துவிட்டு வந்திருப்பார்.

"உங்க கீழ்வரிசைகூட நான் செஞ்சதுதாங்க."

லேத்துக்காரர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். பிறகு திறந்தார். மற்ற இருவரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இத்தனை நாளா உங்களைத்தாங்க தேடிட்டிருக்கேன்! வலது பக்கம் உறுத்துது. டாக்டர்கிட்ட சொன்னா பழகிடும்ங்கிறார். நாலு வருஷமா பழகிக்கிட்டே இருக்கேன்."

அங்கேயே கழற்றி, கழுவி, கையில் கொடுத்துவிட்டார். ஒருவருக்கொருவர் ஒரு முடி அளவு வேலை. புதன்கிழமை வெள்ளை நைலான் புஷ் தயாராகிவிட்டது. மாட்டினார். ஆட்டமும் இல்லை, இறுக்கமும் இல்லை. விரல் போன இடத்துக்குக் கியர் போனது.

ஞாயிற்றுக்கிழமை வெளிவட்டச் சாலையில் சுற்றி வந்தார். சிக்னலில் நின்றபோது பழக்கத்தில் இடது கை லிவரின் தலைக்குப் போனது. அது அசையவே இல்லை. கையை எடுத்தார். அப்போதும் சத்தமில்லை. சிவப்பு விளக்கு முழுக்க அந்த வண்டிக்குள் ஒருவரும் எதுவும் பேசவில்லை.

கொட்டகையில் விட்டதும் போன் வந்தது.

"அண்ணா, சாப்டியா?"

"ஆச்சு."

"உடம்பு?"

"இருக்கு."

"கியர் என்னாச்சு?"

"சரியாயிடுச்சு. நைலான்ல கடைஞ்சு போட்டாச்சு. அருமையா விழுது."

"அப்பாடா. இந்தத் தடவை ஈறு இல்லையே?" சிரித்தான். "சரிண்ணா. அப்போ அந்தத் தாள்ல கையெழுத்தைப் போட்டு..."

இவர் வண்டிக்குள்தான் உட்கார்ந்திருந்தார். பெட்டியறைக் கதவு எதிரே இருந்தது. கண் அங்கிருந்து நகர்ந்து இடது பக்கம் போனது.

"இடது பக்கக் கண்ணாடி இறங்க மாட்டேங்குது," என்றார்.

"எது? அன்னிக்கு நான் இறக்கினேனே. நல்லா இறங்குச்சே."

"அதுக்கப்புறம்தான்."

தூரத்தில் யாரோ ஒரு பையன் அந்த ஊர்ப் பாஷையில் எதையோ கேட்பதும், தம்பி போனைக் கையால் மூடிக்கொண்டு பதில் சொல்வதும் கேட்டது. மறுபடி குரல் வந்தபோது அது கொஞ்சம் மெதுவாக வந்தது.

"சுத்துற பிடி வழுக்குதா, இல்ல கம்பி அறுந்திருக்குமா?"

"தெரியல. கதவைப் பிரிச்சாத்தான் தெரியும்."

"அவசரப்பட்டுப் பிரிக்காத. முதல்ல உள்பக்கம் அந்த அட்டையில ஆறு கிளிப் இருக்கும். ஞாபகம் இருக்கா? நாமதான் மாட்டினோம். ஒண்ணு உடைஞ்சு போச்சுன்னு நீ கம்பியில செஞ்சு போட்டே..."

"கீழ இருந்து ரெண்டாவது."

"ஆமா, அதேதான்."

அன்று பதினொரு நிமிஷம் பேசினார்கள்.

"சரிண்ணா. பொறுமையா பாரு. அடுத்த வாரம் என்னாச்சுன்னு கேக்கறேன்," என்று தம்பி வைத்தான்.

கொட்டகைக்குள் வெயில் தகர ஓட்டை வழியாக விழுந்து, துடைத்த பக்கத்துச் சீட்டில் ஒரு காசு அளவு கிடந்தது. அவர் எட்டிக் கண்ணாடியின் பிடியைச் சுற்றினார். ஒரு முனகல்கூட இல்லாமல் கண்ணாடி அடிவரை இறங்கியது. மறுபடி ஏற்றினார். கவர் இருந்த கதவைத் திறக்கவில்லை. பின் பிரேக், முகப்பு விளக்கு, ஹாரன் என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் தட்டிப் பார்த்துக்கொண்டு, எல்லாமே நன்றாக இருந்த அந்த வண்டியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.